கோடியக்கரையில் நான் கலைத்த முப்பத்தொரு வலைகள்

என் தங்கை மகள் ஸ்டெல்லா சிலந்திகளைப் பற்றிப் படிக்கிறாள். சென்ற தை மாதம் ஒரு சனிக்கிழமை கோடியக்கரைக் காட்டில் அவளுக்குக் கடைசிக் கணக்கெடுப்பு. தனியே அனுப்ப மாட்டேன் என்று அவள் அப்பா பிடிவாதம் பிடித்ததால் துணைக்கு நான் போனேன். இந்த வருஷம் முடிக்காவிட்டால் படிப்பையே நிறுத்திவிடுவேன் என்றும் அவர் சொல்லியிருந்தார். நான் எட்டாவதோடு நின்றவன்தான். ஆனால் டெல்டாவில் என் கால் படாத வரப்பு கிடையாது.

தஞ்சாவூரில் காலை 4.50க்கு பஸ். மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக 8.30க்கு வேதாரண்யம். (பாதி வழி ஓட்டுநருக்கு நான்தான் பாதை சொன்னேன்.) அங்கிருந்து பதினோரு கிலோமீட்டர் ஆட்டோ, 300 ரூபாய். சிலந்தி பார்க்க வந்தோம் என்றதும் ஆட்டோக்காரர் சிரித்தார். "எங்க வீட்டுக்கு வாங்க சார், மூலைக்கு மூலை இருக்கு. காசு வேணாம்."

காட்டு முகப்பில் ஸ்டெல்லா நின்று நேரம், வெயில் எல்லாம் எழுதத் தொடங்கினாள். நான் ஒரு குச்சியை ஒடித்துக்கொண்டு முன்னால் நடந்தேன். விடியலில் எங்கள் தென்னந்தோப்புக்குள் அப்படித்தான் போவோம். பின்னால் வரும் பெண்கள் முகத்தில் ஒட்டடை படக் கூடாது. சாப்பாட்டுத் தட்டு அளவுச் சிலந்திகள்! உள்ளங்கை அளவுதான் என்பாள் ஸ்டெல்லா. வழிநெடுகக் கிளைகளில் சிவப்பு நூல் கட்டியிருந்தது. யாரோ வேண்டுதலுக்குக் கட்டியது என்று நினைத்து, நூலை மட்டும் பக்குவமாக விட்டுவிட்டு வலைகளை வீசி எடுத்தேன்.

அந்த நூல்களைக் கட்டியவள் ஸ்டெல்லாதான், எண்ண வேண்டிய வலைக்கு ஒன்றாக.

வந்து பார்த்தவள் திட்டவில்லை, தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். தலைக்கு மேலே பெரிய சிலந்தி வலை கட்டும், இடுப்பளவில் இன்னொரு ஜாதி. பெரியதன் வலையிலேயே கடுகளவு வெள்ளிச் சிலந்திகள் குடியிருந்து மிச்சத்தைத் தின்னும். ஒரே காட்டில், ஒரே ஈக்காக, யார் யாரை விரட்டுகிறார்கள், யார் யாரைப் பொறுத்துக்கொள்கிறார்கள் என்று ஐந்து மாதம் எண்ணியிருக்கிறாள். அன்றைய எண்ணிக்கை இல்லாமல் அது முடியாது.

போன தடவை இருந்ததையே எழுதிவிடச் சொன்னேன்.

"உங்கள மாதிரி என்னால கதை கட்ட முடியாது மாமா."

முப்பத்தொரு நூலுக்கும் நேராக 'ஆளால் கலைந்தது' என்று எழுதினாள். என் பெயரை எழுதவில்லை. அப்போது என் சட்டைக்கையில் ஒரு வெள்ளிச் சிலந்தி ஊர்ந்தது. அசையாதீங்க என்று சொல்லி, அதைப் பேனா முனையில் ஏற்றிக்கொண்டு, விட ஒரு பெரிய வலை தேடினாள். அந்த வழியில் ஒன்றுகூட மிச்சமில்லை.

அவள் அப்பாவிடம் நடந்ததை நானே சொன்னேன். கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். படிப்பு நின்று, ஸ்டெல்லா இப்போது வீட்டில்தான் இருக்கிறாள்.

போகிறவர்களுக்கு: அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், தண்ணீர் இரண்டு லிட்டர் வேண்டும், திரும்பும் ஆட்டோவை முன்பே சொல்லிவைக்க வேண்டும். காட்டுக்குள் கையை வீசாமல், தெரிந்தவர்களுக்குப் பின்னால் நடங்கள்.