பூவத்துக் கருவாட்டு வியாபாரி

அப்பாவின் சட்டைக் காலருக்கு உள்பக்கம் என் கைபேசி எண்ணை நானே நூலால் தைத்து வைத்திருந்தேன். சட்டைப் பைக்குள் முகவரி எழுதிய அட்டை ஒன்று. மறதி நோய் வந்தவர்களை வீட்டில் வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் செய்கிற காரியம்தான். அன்று சனிக்கிழமை. அவரைப் பார்த்துக்கொள்கிற அம்மாள் மாடிக்குத் துணி காயப்போடப் போயிருந்தார். நான் குளித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து அப்பா வாசற்கதவைத் திறந்துகொண்டு இறங்கிப் போய்விட்டார். பதறியடித்துக்கொண்டு அவருடைய அறைக்குள் ஓடினேன். முகவரி அட்டை சுக்குநூறாகக் கிழிந்து குப்பைக்கூடையில் கிடந்தது. மேசைமேல் கத்தரிக்கோல் இருந்தது. பக்கத்தில் நான் தைத்த எண்ணோடு ஒரு துண்டுத் துணி. தன்னை யாரென்று காட்டிக்கொடுக்கிற எதையும் உடம்பில் வைத்துக்கொள்ளாமல் மனிதர் வேலைக்குக் கிளம்பியிருக்கிறார்.

அந்த வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். அப்பா குரும்பகரத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்து கடற்படையில் அதிகாரியாகச் சேர்ந்தவர். உளவுப் பிரிவு. வங்கதேசப் போர்ச் சமயத்தில் சீருடையைக் கழற்றி வைத்துவிட்டு, தெற்கே ஏதோ ஒரு மீனவக் கிராமத்தில் கருவாட்டு வியாபாரியாகப் போய் உட்கார்ந்தார். எந்தப் படகு எங்கே போகிறது, யார் யாரோடு பேசுகிறார்கள் என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. அது எந்தக் கிராமம் என்று கடைசிவரை எங்களிடம் சொல்லவில்லை. அப்போது எனக்கு ஒரு வயதுகூட ஆகியிருக்கவில்லை.

அம்மா காரைக்கால்காரர். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம், தாய்மாமன்கள் பாரிஸில். அப்படிப்பட்ட வீட்டில் பெண் எடுக்க அப்பா மேலதிகாரிகளிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்ததாம். “என்னைப் பொண்ணு பாக்க வந்தவங்கள விட, விசாரிக்க வந்தவங்கதான் ஜாஸ்தி” என்று அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

ஓய்வு பெற்றதும் அம்மாவின் வீட்டுக்கே வந்து தங்கி, அப்பா எழுத ஆரம்பித்தார். எல்லாம் கடல், உளவு, போர். கதவைப் பார்த்தபடி சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துதான் எழுதுவார். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்து நான் தட்டச்சு செய்து கொடுப்பேன். புத்தகங்கள் நன்றாகவே போயின. “உப்புத் தீந்துபோச்சுன்னு சொல்றதுக்கே அக்கம்பக்கம் பாக்குற மனுஷன், ஊருக்கெல்லாம் கதை சொல்றாரு பாரு” என்று அம்மா கிண்டல் செய்வார். எனக்குச் சிரிப்பு வராது. கோபம்தான் வரும். முன்பின் தெரியாத வாசகர்களிடம் சொன்னதில் கால்வாசிகூட அவர் என்னிடம் சொன்னதில்லை. என்னைப் பெற்றவர் எப்படிப்பட்டவர் என்று நான் பக்கம் பக்கமாகத் தட்டச்சு செய்துதான் தெரிந்துகொண்டேன்.

அம்மா இறந்த பிறகு மறதி வந்தது. முதலில் போனது அவர் எழுதிய புத்தகங்கள்தான். ஒருநாள் தன்னுடைய நாவலையே எடுத்து முழுசாகப் படித்துவிட்டு, “நல்லாத்தான் எழுதியிருக்கான். ஆனா இதெல்லாம் இவனுக்கு எப்படித் தெரிஞ்சுது?” என்று கவலைப்பட்டார். அப்புறம் அம்மா இறந்தது மறந்துபோயிற்று. அப்புறம் சில நாட்கள் நான்.

அன்று பேருந்து நிலையம், கோயில் வாசல், கடற்கரை என்று ஸ்கூட்டரில் அலைந்துவிட்டு மத்தியானத்துக்கு மேல் கிளிஞ்சல்மேடு மீனவக் கிராமத்துக்குப் போனேன். கரையில் ஃபைபர் படகுக்குப் பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்தவரிடம் மறதிக்காரர், காணவில்லை என்று சொல்லிக் கைபேசியில் அப்பாவின் படத்தைக் காட்டினேன்.

“இவரா? நெத்திலிக் கருவாடு வாங்க வந்தாரே. பூவத்துல வியாபாரம்னாரு. அவரு வெவரமா பேசுனதப் பாத்தா மறதிக்காரர்னு யாரு மேடம் நெனைப்பா? வெயில்ல தள்ளாடுறாரேன்னு நாந்தான் பைக்ல கொண்டுபோயி பூவத்துல விட்டேன். வீட்டு வாசல்லயே எறக்கிவிடுறேன்னேன். வேணாம், கடைத்தெருவுலயே எறங்கிக்கிறேன்னுட்டாரு.”

ஒற்றன் தன் வீட்டைக் காட்டமாட்டான். இல்லாத வீட்டை எங்கே காட்டுவது? நல்லவேளையாக, பூவத்தில் டீக்கடைக்காரர் சந்தேகப்பட்டு அவரைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்திருந்தார். நான் போனபோது அப்பா பெஞ்சில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். முன்னால் இருந்த டீ ஆறிப்போய் ஏடு கட்டியிருந்தது. அதை அவர் தொடவில்லை.

“அப்பா!” என்று ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். கையை உதறிக்கொண்டார்.

ஏட்டு தன்மையாகவே கேட்டார். “பெரியவரே, இவங்க உங்க பொண்ணுங்களா?”

“இல்லீங்க. எனக்குக் கல்யாணமே ஆகல.”

கைபேசியில் இருந்த படங்களை எல்லாம் காட்டினேன். ஏட்டு என்னை நம்பினார். ஆனால் அப்பா அல்லவா நம்ப வேண்டும்? நாங்கள் தொட்டாலே பெஞ்சை இறுகப் பிடித்துக்கொண்டு கத்தினார். “இப்படிக் கத்துறவர எப்படிங்க மேடம் தூக்கிக்கிட்டுப் போறது? நெஞ்சுவலி கிஞ்சுவலி வந்துடப் போவுது” என்றார் ஏட்டு. அதுவும் நியாயம்தான்.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. அப்பாவின் நாவல் ஒன்றில் வேஷம் போட்டிருக்கிற ஒற்றனிடம் அவனுடைய ஆள் ஒருவன் வந்து, “வாடைக்காத்து திரும்பிடுச்சு” என்பான். வேலை முடிந்தது, வீட்டுக்குப் போகலாம் என்று அர்த்தம். நான் அப்பாவின் காதருகே குனிந்து அதைச் சொன்னேன்.

அவர் முதல்முறையாக என்னை ஏறிட்டுப் பார்த்தார். பரிதாபமாகப் பார்த்தார்.

“அது பொஸ்தகத்துல வருதும்மா. யார் வேணா படிச்சிருக்கலாம்.”

ஏட்டு சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. ஏட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போனார்.

அப்போதுதான் அப்பா எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. உங்கள் கதாநாயகனுக்கு ஏன் எந்தக் கதையிலும் பிள்ளைகுட்டியே இல்லை என்று ஒருமுறை கேட்டிருந்தேன். தன் தொழிலைப் பற்றி அவர் எனக்குச் சொன்ன ஒரே நீளமான பதில் அது. “பொய் சொல்றப்ப ஊரு, தொழிலு எல்லாம் பாதியாவது நமக்குத் தெரிஞ்சதா இருக்கணும். அப்பத்தான் தடுமாற மாட்டோம். புள்ள இருக்குன்னு மட்டும் சொல்லிடக் கூடாது. நம்மளப் புடிக்கிறவன் அங்கதான் கைய வைப்பான்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் எதிரில் உட்கார்ந்தேன். ஒரு விஷயம் எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. நான் அவருக்குள் இருக்கிறேனா, சுத்தமாக அழிந்துவிட்டேனா?

“உங்களுக்குப் பொண்ணு யாரும் இல்லீங்களா?”

“இல்லீங்க.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஒரு கைக்குழந்தைகூட இல்லையா?”

அவர் பெஞ்சின் விளிம்பை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

“இல்லீங்க. அடிச்சாலும் இதேதான் சொல்லுவேன்.”

கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. கீழே விழாமல் பார்த்துக்கொண்டார். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. அப்பா என்னை மறக்கவில்லை. எங்கேயோ ஒரு வீட்டில் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருக்கிற என்னை, எதிரில் உட்கார்ந்திருக்கிற என்னிடம் காட்டிக்கொடுக்காமல் இருக்க அவர் உயிரைப் பிடித்துக்கொண்டு போராடுகிறார். எனக்கு அந்தக் குழந்தைமேல் பொறாமையாக இருந்தது. என்னை இவர் இவ்வளவு நேசித்தாரா? எத்தனையோ வருடம் ஒரே வீட்டில் ஒன்றாகச் சாப்பிட்டிருக்கிறோமே, ஒருநாளாவது வாய்விட்டுச் சொல்லியிருக்கக் கூடாதா? நான்தான் அந்தக் குழந்தை என்று கத்த வேண்டும்போல இருந்தது. கத்தினால் அவருடைய பயம்தான் கூடும். நான் கெஞ்சக் கெஞ்ச, கையை வைக்கிற இடத்தைக் கண்டுபிடித்துவிட்ட எதிரியாகத்தான் அவருக்குத் தெரிவேன். மகளாக இருந்து அவரை அங்கிருந்து கூட்டிக்கொண்டு போக எனக்கு வழி இல்லை.

எழுந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் போய், ஏட்டின் நாற்காலியில் உட்கார்ந்தேன். கணக்கு டீச்சர் குரலில் பேசினேன்.

“சரிங்க, விசாரணை முடிஞ்சுது. நீங்க பூவத்துக் கருவாட்டு வியாபாரி. உங்களுக்குப் பொண்ணு கெடையாது. நாங்க நம்புறோம்.”

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இனிமே இதப்பத்திக் கேக்க மாட்டீங்களே?”

“கேக்க மாட்டேங்க.”

“யாரும் கேக்கக் கூடாது.”

“யாரும் கேக்க மாட்டாங்க. வாங்க, போற வழியில உங்கள எறக்கிவிடுறேன்.”

அப்பா பெரிதாக ஒரு மூச்சு விட்டார். ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். ஏட்டு பிடித்துக்கொடுத்த ஆட்டோவில் யாரும் கையைப் பிடிக்காமல் தானாகவே ஏறி உட்கார்ந்துகொண்டார்.

அதன் பிறகு நான் அவரை அப்பா என்று கூப்பிடுவதில்லை. காலையில் காபி கொண்டுபோய் வைத்து, “வியாபாரம் எப்படிப் போவுதுங்கய்யா?” என்று கேட்கிறேன். “பரவால்லீங்க” என்கிறார்.