தொப்புளுக்குக் கீழே ஒரு பெல்ட்

மைசூரில் அக்கா வீட்டு அறைக் கதவின் பின்னால் அத்திம்பேரின் பழுப்பு பெல்ட் இன்னும் தொங்குகிறது. அதில் ஒரு துளை மட்டும் வாய் பிளந்திருக்கும். கல்யாணத்தன்று மாட்டிய துளை அதுதான் என்பார். இடுப்பு அன்றிலிருந்து அசையவில்லை என்பது அவருடைய வாழ்நாள் சாதனை. உண்மையில் அசைந்தது வயிறு. அது முன்னேற முன்னேற, பெல்ட்டைப் பணிவோடு கீழே இறக்கிக்கொண்டே வந்தார். குச்சிக் கை, குச்சிக் கால், நடுவில் சின்னத் தவலை. அவரைக் குண்டு என்று யாரும் சொன்னதில்லை. என் உடம்பும் அதே வார்ப்பு என்பதால் நானும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவில் இதயப் பரிசோதனை முகாம் போட்டார்கள். ரத்தம் கொடுத்து, முடிவுக்காகக் காத்திருந்து, வரிசையில் நின்றோம். பக்கத்துத் தெரு நர்சம்மா, அவரும் தமிழ்க்காரர்தான், அத்திம்பேரின் தொப்புள் மட்டத்தில் நாடாவைச் சுற்றினார். அத்திம்பேர் மூச்சை இழுத்து வயிற்றை ஒளித்தார்.

“மூச்சு விடுங்க சார். நான் சாயங்காலம் வரைக்கும் இங்கதான் இருப்பேன்.”

விட்டார். நாடா நீண்டது.

“எடை சரியாத்தானேம்மா இருக்கு?”

“எடைய விடுங்க சார். கொழுப்பு வயித்துக்குள்ள இருக்கு, ரத்தத்துலயும் ஏறியிருக்கு. சர்க்கரையும் எல்லையில நிக்குது. இதயத்துக்கு நல்லதில்ல, டாக்டரப் பாருங்க.”

“இது கொழுப்பில்லேம்மா, மேல்கோட்டைப் பெருமாள் கோயில் பிரசாதம்.”

அடுத்து நின்ற எனக்கும் அதே தீர்ப்பு. வழியில் வெண்ணெய் உருகும் மசால் தோசையிடம் இருவரும் மேல்முறையீடு செய்தோம். வீட்டுக்கு வந்ததும் அத்திம்பேர், “எடை சரியா இருக்காம்” என்று மட்டும் சொன்னார். பொய்யில்லை. அக்கா நிம்மதியாக இன்னொரு கரண்டி நெய் விட்டாள்.

அடுத்த மழைக்காலத்தில் ஒருநாள், செருப்பு மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. “ஒல்லியான மனுஷர், அவருக்கா மாரடைப்பு?” என்று வந்தவர்களெல்லாம் கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் என் கை தானாகச் சட்டையை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டது. நர்சம்மாவும் வந்தார். அக்காவிடம் முகாம் கதை முழுவதையும் சொல்லிவிட்டுப் போனார்.

போன வாரம் அக்கா அந்த பெல்ட்டை எடுத்து என்னிடம் நீட்டினாள். மாட்டினேன். அதே துளையில் கச்சிதமாக உட்கார்ந்தது. ஒரு கணம், வெட்கமில்லாமல், பெருமையாகக்கூட இருந்தது. அக்கா கொக்கியைக் கழற்றி, பெல்ட்டை என் தொப்புள் வரை உயர்த்தினாள்.

“இங்க போட்டுக் காட்டுடா.”

மூச்சை உள்ளே இழுத்தேன். அவள் அவசரப்படவில்லை. பெல்ட்டின் இரண்டு முனைகளையும் பிடித்தபடி, நான் மூச்சு விடுவதற்காகக் காத்திருந்தாள்.