கட்சியில்லாத நிறம்

புது வீட்டில் எங்கள் முதல் மழைக்காலம் முடிந்தபோது மேற்குச் சுவரின் உட்பக்கம் பூஞ்சணம் பிடித்திருந்தது. அந்தச் சுவரோடு ஒட்டித்தான் மகளின் கட்டில் கிடந்தது. மூன்று வயதுப் பிள்ளை. அந்த மழை முழுவதும் அவளுக்கு இழுப்பு. ஹட்டனில் டொக்டர் ஆவி பிடிக்க வைத்துவிட்டு, வீட்டில் ஈரச் சுவர் இருக்கிறதா என்று கேட்டார். கட்டிலை மாற்றிப் பார்த்தேன். இருப்பது இரண்டே அறைகள், இரண்டுக்கும் அதே மேற்குச் சுவர்தான்.

நோர்வூட்டுக்கு மேலே ஏழு பேர்ச் காணியில் தோட்ட வீடமைப்புத் திட்டத்தில் கிடைத்த வீடு அது. வெளியே ஒரே ஒரு பூச்சு வெள்ளை அடித்துக் கொடுத்திருந்தார்கள். பெயிண்ட் அடிக்கும் மேஸ்திரி, எங்கள் பக்கத்தில் பாஸ் என்போம், வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். வெடிப்புகளை அடைத்து, மழைக்குத் தாங்கும் பெயிண்ட் இரண்டு கோட் அடித்தால் ஈரம் உள்ளே வராது என்றார். நுவரெலியாவில் சீசனுக்கு முன் ஹோட்டல்களுக்கு அடிக்கும் வேலை அவருக்கு இருந்தது. சித்திரை வருஷப்பிறப்பு முடிந்ததும் வருவதாகச் சொன்னார்.

"மே மாசம் காத்து மழ தொடங்கிட்டா நான் கையே வைக்க மாட்டேன் டீச்சர். அதுக்குள்ள கலர மட்டும் முடிவு பண்ணி வைங்க."

அந்த 'மட்டும்' என்ற இடத்தில்தான் நாங்கள் மாட்டிக்கொண்டோம்.

வீட்டில் மூத்தவர் என்று முதலில் மாமாவிடம் கேட்டேன். என் கணவரின் அப்பா, இருபது வருஷம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவராக இருந்தவர். பென்ஷன் எடுத்த பிறகும் கடிதம் எழுதித் தரச் சொல்லி ஆட்கள் அவரிடம்தான் வருவார்கள். ஹட்டன் கடையிலிருந்து கொண்டுவந்த கலர் அட்டையில் இளம்பச்சையைக் காட்டினேன். அட்டையைத் திருப்பித் தந்தார்.

"பச்ச வேணாம்மா. பச்ச அடிச்சா நம்ம அந்தப் பக்கம் போயிட்டோம்னு பேசுவாங்க."

நீலத்துக்கும் ஒரு கட்சி இருந்தது. சிவப்பை நான் காட்டவே இல்லை. மஞ்சளாவது யாரையும் குத்தாது என்று நினைத்தேன். நான் பிறப்பதற்கு முன்பே மேல் டிவிஷனில் உடைந்துபோன ஒரு சங்கத்தின் கொடி மஞ்சளாம். அதுதான் உடைந்துவிட்டதே மாமா என்றேன். சங்கம் உடைந்தாலும் ஆட்கள் இருக்கிறார்களே என்றார்.

அத்தைக்கு ரோஸ் வேண்டும். லயத்து ஒற்றை அறைக் காம்பிராவில் நாற்பது வருஷம் தோட்டம் அடித்துத் தந்த சுண்ணாம்போடு இருந்தவர், அட்டையில் ரோஸைத் தொட்ட விரலை எடுக்கவில்லை. மாமா சிரித்துவிட்டார்.

"வீடு கட்டுனோமா, கேக்கு செஞ்சோமா?"

"நாப்பது வருசமா நீங்க குடுத்த கொடியத்தான் புடிச்சேன். செவத்துக்காவது நான் சொல்றத அடிங்க."

பிறகு இரண்டு நாள் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. ஒரே அறையில் இருந்துகொண்டு, தேத்தண்ணி வேண்டுமா என்று அவரிடம் கேட்கும்படி என்னிடம் சொன்னார் அத்தை. நான் இருவருக்கும் நடுவில் நின்று கேட்டேன், பதிலையும் சொன்னேன்.

கணவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறார். தினமும் போனில் ஆஷ் கலர் வீடுகளின் படங்களாக அனுப்பினார். சாம்பலையா வீட்டுக்குப் பூசுவார்கள் என்று அத்தை கேட்டதைச் சொன்னதும், சரி, நீயே முடிவெடு என்றார். மறுநாள் இன்னும் மூன்று ஆஷ் கலர் வீடுகள் வந்தன.

கடையின் டியூப் லைட்டில் பார்த்த நிறத்தை நம்ப எனக்குப் பயம். மூன்று சின்ன டின் வாங்கி முன்சுவரில் பட்டை பட்டையாக அடித்துப் பார்த்தேன். பனி இறங்கினால் மூன்றும் ஒன்றுபோலத் தெரிந்தன. வெயில் வந்தால் மூன்றுமே பிடிக்கவில்லை. எங்கள் வாசலைத் தாண்டித்தான் காலையில் எல்லோரும் பெரட்டுக்குப் போக வேண்டும். அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்கும் இடத்துக்குப் போகிற அவசரத்திலும் நின்று, நடுவில் இருப்பது நல்லது என்று சொன்னார்கள். அதே ஆட்கள் அடுத்த நாள் ஓரத்தில் இருப்பதுதான் நல்லது என்றார்கள். நான் இரண்டுக்கும் தலையாட்டினேன்.

சித்திரை வருஷப்பிறப்பு போனது. பாஸ் போன் எடுக்கும்போதெல்லாம், வீட்டில் கேட்டுவிட்டு இரண்டு நாளில் சொல்கிறேன் என்றேன். நான்கு முறை அப்படிச் சொல்லியிருப்பேன். பெரியவர்களுக்கு மரியாதை கொடுக்கிறேன் என்றுதான் என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். நிறம் பிழையாகிப் போனால் பத்து வருஷத்துக்கு எல்லோரும் "டீச்சர் தெரிஞ்செடுத்த கலர்" என்று சொல்வார்களே என்ற பயம்தான் உண்மை.

மே நடுவில் இரண்டு நாள் அடைத்துக்கொண்டு தூறியது. மகளின் நெஞ்சில் அந்த விசில் சத்தம் மறுபடி கேட்டது. அவளை மடியில் சாய்த்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தபோது, கலர் அட்டையை விரித்து வைத்து மாமா க்ரீம் நிறத்தில் எத்தனை வகை இருக்கிறது என்று என்னிடம் கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. அடுத்த வெயில் வந்ததும் நானே பாஸுக்கு போன் எடுத்தேன்.

"நாளைக்கே வந்து மேக்குச் செவத்த மட்டும் அடிங்க. மழைக்குத் தாங்குறதுல கடையில கலந்து வச்சது எது இருக்கோ, அத வாங்கிட்டு வாங்க."

"எது இருந்தாலுமா?"

"எது இருந்தாலும்."

"பொறகு கொற சொல்லக் கூடாது டீச்சர்."

சொல்ல மாட்டேன் என்றேன். யாரோ கலக்கச் சொல்லிவிட்டு எடுக்காமல் போன இரண்டு வாளிகளோடு மறுநாள் வந்தார். மூடியைத் திறந்தால் கத்தரிப்பூ நிறம். அதையே அடிக்கச் சொன்னேன்.

இரண்டாவது கோட் முடிந்ததும் மாமா வந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இதுக்குக் கட்சி இல்ல" என்றார் கடைசியில்.

அத்தை, இது ரோஸுக்குக் கிட்டத்தான் என்றார். வீடியோவில் பார்த்த கணவர், போன் கமராவில் ஏதும் கோளாறா என்று கேட்டார். அன்று மாலையே மற்ற மூன்று சுவர்களுக்கும் இதையே அடிப்பதா வேண்டாமா என்று மாமாவுக்கும் அத்தைக்கும் வாக்குவாதம் தொடங்கியது. இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் சோறு வடிக்கப் போய்விட்டேன்.

நான்காம் நாள் காற்றோடு மழை வந்தது. வாரம் முழுவதும் மேற்குச் சுவரை உட்பக்கம் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன், காய்ந்தே இருந்தது. இந்த மழைக்கு மகளுக்கு இழுப்பு குறைவு. சுவரினாலா, ஒரு வயது கூடியதாலா என்று டொக்டரிடம் கேட்டேன். இரண்டுமாக இருக்கலாம் என்றார். வருஷப்பிறப்பு முடிந்த கையோடு அடித்திருந்தால், அந்த மே மாதத் தூறலில் அவள் அப்படி மூச்சுக்கு இழுத்திருக்க மாட்டாளோ என்று மட்டும் நான் இன்னும் யாரிடமும் கேட்கவில்லை.