சித்தி எடுத்த பங்கு

சித்தப்பா இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, சித்தி அட்டைப்பெட்டிப் பட்டறைக்கு வந்து அவர் நின்ற இடத்தில் நின்றாள். கூட்டாளியான பெரியப்பா இதை எதிர்பார்க்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து, கொடுப்பதை வாங்கிக்கொள்வாள் என்று நினைத்திருந்தார். எத்தனை நாளைக்கு இந்தக் கூத்து என்று ஆட்களிடம் சொல்லிச் சிரித்தாராம். கூத்து பதினோரு வருடம் நடந்தது.

அட்டையைப் பெட்டி வடிவத்துக்கு வெட்டும் பஞ்சிங் மெஷின் அவள் கைக்குப் பழகிவிட்டது. அதன் தாடை திறந்து மூடும் இடைவெளியில் அட்டையை வைத்து எடுக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் விரல் போய்விடும். சித்திக்குப் பத்து விரலும் இருக்கின்றன. பெரியப்பாவுக்கு ஒன்பதுதான். ஒருமுறை ஆட்கள் முன்னால் அதைச் சொல்லிக்காட்டினாள். அன்றிலிருந்து இருவரும் நேருக்கு நேர் பேசுவதில்லை. நடுவில் நிற்பவரைப் பார்த்துத்தான் பேச்சு.

பிரித்துக்கொள்வது என்று ஆனபோது வக்கீல் ஒரு வழி சொன்னார்: ஒருவர் இரண்டு பட்டியல் போடட்டும், மற்றவர் ஒன்றை எடுத்துக்கொள்ளட்டும். பெரியப்பா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய ஒரே ஆள் என்பதால் எழுத்து வேலையெல்லாம் என் தலையில்தான். முதல் பட்டியலில் மனை, கட்டடம். இரண்டாவதில் மெஷின், அட்டைச் சரக்கு, வாடிக்கைக்காரர்கள்.

மெஷினை விட்டால் தனக்குச் சோறு கிடையாது என்று சித்தி ஊரெல்லாம் சொல்லியிருந்தாள். அதனால் அவள் எதை எடுப்பாள் என்பதில் பெரியப்பாவுக்குச் சந்தேகமே இல்லை. மெஷினை இறக்கி வைத்த பிறகுதான் முன்சுவரையே கட்டினார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். சித்தி வருவதற்கு முந்தைய கதை அது.

சித்தி இரண்டையும் படித்தாள். எழுந்துபோய் ஷட்டருக்குக் கீழே நின்று அதன் அகலத்தையும் மெஷினையும் மாறிமாறிப் பார்த்தாள். பதினோரு வருடம் அட்டை வெட்டியவளுக்கு அளவுநாடா வேண்டியதில்லை.

"இது எந்த வழியா உள்ள வந்துச்சுன்னு உங்க பெரியப்பாவைக் கேளு" என்றாள் என்னிடம்.

"வந்த வழியாத்தான் வந்துச்சு" என்றார் பெரியப்பா, சுவரைப் பார்த்து.

"அப்ப அந்த வழியாவே அவரு கொண்டுபோகட்டும். எனக்குக் கட்டடம்."

முதல் பட்டியலின் கீழே கையெழுத்தும் போட்டாள்.

பெரியப்பா சுவரை இடிக்க ஆள் அனுப்பினார். சித்தி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒரு செங்கல் ஆடக்கூடாது என்று திருப்பி அனுப்பினாள். பிரித்தெடுக்க வந்த மெக்கானிக், உடல் முழுக்க ஒரே வார்ப்பு என்று கையை விரித்தார். மெஷினை விலைக்குத் தரச் சொல்லி சித்தி என்னைத் தூது அனுப்பினாள், அவர் கேட்கிற விலைக்கே.

"பழைய இரும்புக்குப் போட்டாலும் போடுவேன், அவ கைக்குப் போகாது" என்றார்.

சொன்னபடி செய்தார். கேஸ் கட்டரோடு இரண்டு பேர் வந்து ஒன்றரை நாள் அறுத்தார்கள். சித்தி நாற்காலியை விட்டு எழவில்லை. எனக்குத் தாங்கவில்லை. சுவரை இடிக்க விட்டிருந்தால் மெஷினாவது பிழைத்திருக்குமே என்றேன்.

"பிழைச்சு? அவருக்குல்ல ஓடும்."

கடைசித் துண்டு வண்டியில் ஏறியதும் ஷட்டரை இழுத்துவிட்டாள். மறுநாள் எங்கிருந்தோ கொஞ்சம் அட்டை வாங்கிவந்து, இரும்பு ஸ்கேலும் கத்தியுமாகத் தரையில் உட்கார்ந்தாள். மாலைக்குள் முப்பத்தெட்டு பெட்டி. வாங்கத்தான் ஆள் இல்லை. வாடிக்கைக்காரர்கள் இரண்டாவது பட்டியலில் இருந்தார்கள்.