சந்தனப் பொட்டு வைத்த பேக்கப்

புரோகிராம் எழுதுவது எங்கள் தொழிலில் பாதி வேலை. எழுதியதை, எழுதச் சொன்னவர்களிடமிருந்தே காப்பாற்றுவது மீதி. தொண்ணூறுகளில் பை நிறைய பிளாப்பியோடு பஸ்ஸில் தொங்கியவர்களுக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

பூட்டு

அபிராமபுரத்தில் ராமசேஷன் மாமா ஜாதகப் பரிவர்த்தனை நிலையம் நடத்தினார். ஜாதகங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்ற நான் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். ஏழெட்டு மாதம் உட்கார்ந்து அத்தனையையும் அடித்தவள் வசந்தி. அந்தச் சம்பளத்தில்தான் அவள் வீடு ஓடியது.

பெண்களின் விலாசமெல்லாம் உள்ளே இருக்கிறதே என்று பாஸ்வேர்ட் வைத்தேன். உங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியக் கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னேன். மாமாவுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"கல்யாண விஷயமா வாசல் ஏறி வர்றவாகிட்ட, பூட்டியிருக்குன்னு சொல்லச் சொல்றேளா?"

விருந்தாளி

ஆயுத பூஜைக்கு மறுவாரம் மாமாவிடமிருந்து போன் வந்தது. ஓடினேன். கம்ப்யூட்டரில் ஒரு ஜாதகம்கூட இல்லை. வசந்தி சாப்பிடப் போன நேரத்தில் ஒரு பையனின் அப்பா தானே உட்கார்ந்து, பாஸ்வேர்ட் அடித்து, ஜாதகங்களை நகல் எடுத்துப்போக மகனின் ஆபீஸ் பிளாப்பியைச் செருகியிருக்கிறார். அதிலிருந்த வைரஸ் எல்லாவற்றையும் வழித்துவிட்டது.

பாஸ்வேர்டை நீதான் உளறியிருப்பாய் என்று மாமா வசந்தி மேல் பாய்ந்தார். ஜாதகமெல்லாம் திரும்பி வராவிட்டால் பழையபடி நோட்டே போதும், நாளையிலிருந்து நீ வர வேண்டாம் என்றார். அந்த அப்பாவுக்கே போன் போட்டு, யார் சொன்னது என்று கேட்டேன்.

"பாஸ்வேர்டா? அதான் அங்க வர்றவங்க எல்லாருக்கும் தெரியுமே சார்."

பூஜை

வசந்தியிடம் சொல்லி நகல் எடுத்து வைத்த பேக்கப் இருக்கிறதே என்று தெம்பாக அலமாரியைத் திறந்தேன். மூன்று பெரிய பிளாப்பிகள். அந்த ரகத்தில் உள்ளே இருக்கும் தகடு வெளியே தெரியும்படி உறையில் ஒரு திறப்பு இருக்கும், ஞாபகமிருக்கிறதா? பொட்டு வைக்கவே விட்ட இடம் மாதிரி. மூன்றிலும் அங்கேதான், சந்தனமும் மேலே குங்குமமும், காய்ந்து ஒட்டிக் கிடந்தன. வசந்தியைப் பார்த்தேன்.

"கம்ப்யூட்டருக்கு வெச்சுட்டு இதுங்களுக்கு வெக்காம விட்டா பாவமில்லையா சார்?"

குளியல்

அவளை எப்படித் திட்டுவது? அங்கே கை படக் கூடாது என்று நான் சொல்லவேயில்லை. பிளேடால் உறையைக் கீறித் தகடுகளை வெளியே எடுத்தோம். அவள் குழாயடியில் ஒவ்வொன்றாகக் கழுவினாள், நான் ஃபேனுக்கு அடியில் பிடித்துக் காயவைத்தேன். புது பிளாப்பி ஒன்றின் தகட்டை உருவிப் போட்டுவிட்டு, அந்த உறைக்குள் இவற்றை மாற்றி மாற்றிச் செருகினேன். இரண்டைக் கம்ப்யூட்டர் உடனே படித்தது. மூன்றாவது கரகரவென்று முரண்டு பிடித்தது. வசந்தி கண்ணை மூடிக்கொண்டாள். ஐந்தாவது தடவை அதுவும் வழிக்கு வந்து, ஜாதகமெல்லாம் திரும்பின. அவள் விசித்து விசித்து அழுதாள். சொன்னால் என்ன, நானும்தான்.

மாமா அவளுக்குத் தானே காப்பி கலந்து கொண்டுவந்து வைத்தார்.

"புது பாஸ்வேர்டை எங்கிட்டயும் சொல்லாதேம்மா. யாராவது கேட்டா நான் மறுபடியும் சொல்லிடுவேன்."

எத்தனையோ வைரஸுக்கு மருந்து பார்த்துவிட்டேன், இல்லை என்று சொல்ல வாய் வராத நல்ல மனுஷருக்குத்தான் இன்னும் ஒன்றும் அகப்படவில்லை.