துணைக்கு வந்த மாப்பிள்ளை

கடலூரில் ஒரு சாயத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். சரக்கு வந்தால் எடை பார்த்து உள்ளே வைப்பேன். சீட்டு கொண்டு வந்தால் எடுத்துக் கொடுப்பேன். ஒவ்வொரு அடுக்கிலும் ஓர் அட்டை தொங்கும். வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று அதில் எழுதுவேன். பேச்சு அதிகம் தேவைப்படாத வேலை. பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கும்போது 'உள்ளேன் ஐயா' சொல்லவே திணறிய எனக்கு அது நன்றாகப் பொருந்தியது. பன்னிரண்டாம் வகுப்புக்கு மேல் நான் படிக்கவில்லை.

எனக்கு நாற்பத்தேழு வயதானபோது தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு இரண்டரை வருடமாக வேலை தேடுகிறேன். எத்தனையோ இடங்களுக்குப் போனேன். எல்லாவற்றையும் எழுதினால் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். அதனால் ஓர் இடத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதல் வருடம் தனியாகத்தான் போனேன். மஞ்சக்குப்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பயோடேட்டா அடித்து வாங்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தேன். போகும் இடத்திலெல்லாம் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "உங்களப் பத்தி சொல்லுங்க" என்பார்கள். என்னைப் பற்றி என்ன இருக்கிறது? "ஸ்டோர் கீப்பருங்க" என்பேன். "அதான் இதுலயே இருக்குதே. வேற?" வேறு ஒன்றும் வராது. வியர்வைதான் வரும். நெல்லிக்குப்பத்தில் ஒருவர் பொறுமை இழந்து, "பேசறதுக்கு யாரையாச்சும் கூட்டிக்கிட்டு வர வேண்டியதுதானே" என்றார். கிண்டலாகச் சொன்னார். நான் அதை யோசனையாக எடுத்துக்கொண்டேன்.

அப்படித்தான் மாப்பிள்ளையைத் துணைக்குக் கூப்பிட ஆரம்பித்தேன்.

மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் கணவர். என்னைவிட ஆறு வயது சின்னவர். இருந்தாலும் எங்கள் வீட்டில் அவரை வாங்க, போங்க என்றுதான் பேசுவோம். அவர் வந்தால் நல்ல நாற்காலி அவருக்கு; கறியில் நல்ல துண்டு அவர் தட்டுக்கு. பெண் கொடுத்த வீட்டுக்காரர்கள் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். அவர் சவூதியில் பதினோரு வருடம் வண்டி ஓட்டிவிட்டுத் திரும்பி வந்து, அடுத்த விசாவுக்காகக் காத்திருந்தார். அது வரும் வரும் என்று ஒன்றரை வருடம் ஓடிவிட்டது. அவர் உள்ளூரில் வேலை தேடவில்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அவர் வேலை தேடவே இல்லை.

பேச்சில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் பேச ஆரம்பித்தால், அந்த மனிதர் இறங்கும்போது இவரைத் தன் வீட்டுக் கல்யாணத்துக்கு அழைத்துவிட்டுத்தான் இறங்குவார். நான் உள்ளே போகும்போது மாப்பிள்ளை வெளியே டீக்கடையில் நிற்பார். அவர் நிற்கிறார் என்பதே எனக்குக் கொஞ்சம் தைரியமாக இருக்கும். வேலை கிடைக்காமல் வெளியே வந்தால், "வுடுங்க மச்சான், அவன் மூஞ்சியே சரியில்ல" என்பார்.

சிதம்பரத்தில் ஒரு மருந்து மொத்த வியாபாரக் கடைக்கு ஸ்டோர் கீப்பர் வேண்டும் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். வயது தடையில்லை, அனுபவம்தான் வேண்டும் என்றார்களாம். இரண்டரை வருடத்தில் அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். எனக்காகவே வந்த வேலை என்று நினைத்தேன்.

சிதம்பரம் பஸ் எங்கள் பழைய தொழிற்சாலை வழியாகத்தான் போகும். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. மாப்பிள்ளை, "வாங்க மச்சான், பேசிப் பழகுவோம். நான்தான் மொதலாளி. ம், சொல்லுய்யா, மருந்துக்கும் சாயத்துக்கும் என்னா சம்பந்தம்?" என்றார். பஸ்ஸில் அவரிடம் எனக்குப் பேச்சு நன்றாகவே வந்தது. ஆலப்பாக்கம் தாண்டியபோது ஒரு பதில் தானாக அமைந்தது. "சரக்கு எதுவா இருந்தாலும் ஸ்டோருக்கு மூணே கேள்விதாங்க. எப்ப வந்தது, எங்க இருக்குது, எப்ப கெட்டுப்போவும்." மாப்பிள்ளை தொடையில் தட்டினார். "மச்சான், இது போதும். இதச் சொன்னா சாவிய கையில குடுத்துடுவான்." திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார். புதுச்சத்திரம் வருவதற்குள் ஐந்தாறு தடவை சொல்லியிருப்பேன்.

முதலாளிக்கு என் வயதுதான் இருக்கும். "ஒக்காருங்க பாய்" என்றார். பயோடேட்டாவை முழுக்கப் படித்தார். அதுவே எனக்குப் புதிதாக இருந்தது. பிறகு வாசலைப் பார்த்து, "வெளிய நிக்கிறாரே, யாரு அவரு?" என்றார்.

"தங்கச்சி மாப்பிள்ளைங்க. துணைக்கு வந்தாரு."

"வெயில்ல எதுக்கு நிக்கணும்? உள்ள வரச் சொல்லுங்க."

நானே எழுந்து போய்க் கூப்பிட்டேன். அன்றைக்கு அந்தக் கடையில் என் குரல் சத்தமாக வந்தது அந்த ஒரு தடவைதான்.

முதலாளி முதலில் கேட்டதே அந்தக் கேள்விதான். "சாயம் வேற, மருந்து வேற. இது ஒங்களுக்கு ஒத்து வருமா பாய்?" பதில் எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேன். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அவர் காத்திருந்தார். அவர் காத்திருக்கிறார் என்று தெரிந்ததும், நினைவில் இருந்ததும் போய்விட்டது. மாப்பிள்ளை என் முழங்கையை லேசாக இடித்துப் பார்த்தார். பிறகு அவரே ஆரம்பித்துவிட்டார்.

"மொதலாளி, சாயமோ மருந்தோ, ஸ்டோருக்கு மூணே கேள்விதான். எப்ப வந்தது, எங்க இருக்குது, எப்ப கெட்டுப்போவும். எங்க ஊட்டு கல்யாண பிரியாணிக்கும் இதே ரூலுதான்."

முதலாளி சிரித்துவிட்டார். நானும் சந்தோஷமாகத் தலையாட்டினேன். நான் செய்த வாக்கியம் நன்றாகத்தான் இருக்கிறது என்றுகூட நினைத்துக்கொண்டேன். அந்தத் தலையாட்டலை இன்று நினைத்தாலும் எனக்கு என் மேலேயே வெறுப்பு வருகிறது.

அதற்குப் பிறகு கேள்வி என்னைப் பார்த்து ஆரம்பிக்கும், பாதியில் அவர் பக்கம் திரும்பிவிடும். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குப் போக வேண்டுமே என்று முதலாளி இழுத்தார். "ஒரு மணி நேரம் போவோம் மொதலாளி, சாயந்தரம் ரெண்டு மணி நேரம் ஜாஸ்தி நிப்போம்" என்றார் மாப்பிள்ளை. என்னைப் பற்றி நல்லதாகவும் சொன்னார். "எங்க மச்சான் வாயத் தொறக்க மாட்டாரு. ஆனா அவரு இருக்கிற ஸ்டோர்ல ஒரு குண்டூசி காணாமப் போவாது." கிளம்பும்போது என் எண்ணுக்குப் பக்கத்தில் தன் எண்ணையும் எழுதச் சொன்னார். "தெரியாத நம்பர்னா எடுக்க மாட்டாரு மொதலாளி, பயந்துக்குவாரு." எல்லோரும் சிரித்தோம்.

பஸ் நிலையத்தில் டீ வாங்கிக் கொடுத்தார். "வேல ஒங்களுக்குத்தான் மச்சான்." அவர் நடிக்கவில்லை, உண்மையாகவே நம்பினார். நானும் நான்கு நாள் நம்பினேன். என் மனைவி தன் தையல் மெஷினில் எனக்கு இரண்டு பேண்ட்டைப் பிரித்துத் தைத்து வைத்தாள்.

ஐந்தாம் நாள் சாயந்தரம் தங்கையும் மாப்பிள்ளையும் வந்தார்கள். தங்கை என் முகத்தைப் பார்க்காமல் நேராக அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். மாப்பிள்ளை எப்போதும் உட்காரும் நாற்காலியில் உட்காரவில்லை.

"மச்சான், சிதம்பரத்துலேர்ந்து போன் வந்துச்சி."

"என்னா சொன்னாரு?"

"அவரு... என்னைய வரச் சொல்றாரு."

"எதுக்கு?"

"வேலைக்குத்தான்."

விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"நான் சொன்னேன் மச்சான், வேல எங்க மச்சானுக்குத்தான்னு. 'அவரு நல்ல மனுசன்தான், மருந்துக்கடைக்காரங்க வந்து நின்னா பேசணுமில்ல. நீ வந்துடு, அவருக்கு வேற எங்கனா பாப்போம்'ங்கறாரு. நீங்க வேணான்னா நான் போவல. அல்லா சத்தியமா போவல."

அவர் அப்படிக் கேட்காமல் இருந்திருக்கலாம். போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால் திட்டவாவது முடிந்திருக்கும். முடிவை என் கையில் கொடுத்துவிட்டு நின்றார். அடுப்பங்கரையில் பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது. அவர் மாப்பிள்ளை. உள்ளே நிற்பவள் என் தங்கை. அவளுக்கு இரண்டு பெண்கள், விசா வரவில்லை. அந்த இடத்தில் ஓர் அண்ணன் வேறு என்ன சொல்ல முடியும்?

"போங்க மாப்ளே. நல்ல எடம்."

"மனசுல ஒண்ணும் இல்லியே?"

"சேச்சே."

அவர்கள் போன பிறகு என் மனைவி கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "அந்த மொதலாளி ஒங்களத்தானே மொதல்ல கேட்டாராமே, ஒங்க வாயில என்னா கொழுக்கட்டையா இருந்துச்சி?" நான் நாற்காலியைச் சுவரோரம் தள்ளி வைத்தேன். "துணைக்குப் போனவரு தொரையாயிட்டாரு" என்று சொல்லிவிட்டு, தைத்து வைத்திருந்த பேண்ட்டுகளை எடுத்து பீரோவில் வைத்தாள்.

ஒரு வாரத்தில் மாப்பிள்ளையிடமிருந்து போன் வர ஆரம்பித்தது. "மச்சான், ஒரு சின்ன டவுட்டு." ஒரே மருந்து இரண்டு கம்பெனியில் வந்தால் ஒரே அடுக்கில் வைக்கலாமா? அட்டையில் கணக்கு இடித்தால் எங்கிருந்து பார்ப்பது? போனில் எனக்குத் தடங்கல் இல்லாமல் பேச்சு வந்தது. தினம் இரண்டு மூன்று தடவை சொல்லிக்கொடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கூப்பிட்டதால் சிதம்பரத்துக்கே போய், காலையிலிருந்து சாயந்தரம் வரை ஸ்டோர் முழுவதையும் ஒழுங்குபடுத்தினேன். புது அட்டைகள் எழுதித் தொங்கவிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த இரண்டரை வருடத்தில் நான் நிம்மதியாக இருந்தது அந்த ஒரு நாள்தான். சாயந்தரம் முதலாளி வந்து பார்த்தார். அடுக்குகளைச் சுற்றி வந்து, "பிரமாதம்யா" என்று மாப்பிள்ளையின் முதுகில் தட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "மச்சான ஒத்தாசைக்குக் கூட்டியாந்துட்டியா? நல்லாருக்கீங்களா பாய்?" என்றார். நல்லாருக்கேன் என்றேன்.

மாப்பிள்ளை வாயைத் திறந்தார். எனக்காக ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். "பஸ்ஸுக்கு நேரமாவுதில்ல மச்சான்?" என்றார்.

பெருநாளுக்குத் தங்கை மட்டும் வந்தாள். ஒரு சட்டைப் பெட்டியை என்னிடம் நீட்டினாள். "அவரு எடுத்தாருண்ணே. இன்டர்வியூக்குப் போம்போது போட்டுக்குவீங்களாம்." வாங்கி வைத்தேன். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, "எங்க மேல கோவமாண்ணே?" என்று கேட்டாள்.

"ஆமா."

எப்படி வந்தது என்று தெரியவில்லை, அந்த ஒரு சொல் வந்துவிட்டது. தங்கைக்குக் கண் கலங்கியது. ஆனால் அழவில்லை. "அப்ப அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்ல? அவரு ஒங்களக் கேட்டாருதானே?" என்றாள். அவள் கேட்டதில் தப்பில்லை. கேட்டார். நான்தான் போகச் சொன்னேன். சாட்சிக்கு அவளே அடுப்பங்கரையில் இருந்தாள்.

பெருநாள் முடிந்து நாலாம் நாள், காலை பதினொரு மணி இருக்கும், மாப்பிள்ளை கூப்பிட்டார். "மச்சான், கடைக்காரங்க திருப்பி அனுப்பற மருந்து நெறய சேந்துபோச்சி. பழைய அடுக்குலயே வெச்சிடலாமா, வேற எதனா முறை இருக்குதா?"

இதற்குப் பதில் எனக்குத் தூக்கத்திலும் தெரியும். திரும்பி வந்த சரக்கை நல்ல சரக்கோடு சேர்க்கவே கூடாது. தனி இடம், தனிப் பூட்டு, தனி அட்டை. எங்கள் தொழிற்சாலையில் அதற்கென்று ஒரு மூலையைச் சிவப்புக் கயிறு கட்டி ஒதுக்கி வைத்திருந்தேன்.

"தெரியலியே மாப்ளே" என்றேன்.

"என்னா மச்சான், ஒங்களுக்கேவா?"

"சாய கம்பெனியில இதெல்லாம் கெடயாது."

சரி என்று வைத்துவிட்டார். இருபத்திரண்டு வருடத்தில் என் வேலையைப் பற்றித் தெரியாது என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னதும் நன்றாக இருந்தது. அந்தச் சந்தோஷம் கொஞ்ச நேரம்தான். கெட்டுப்போன மாத்திரை நல்லதோடு கலந்து, யாரோ ஒரு நோயாளி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால்? மாப்பிள்ளைக்கும் எனக்கும் உள்ள மனத்தாங்கலுக்கு அந்த வீட்டுக்காரர்கள் என்ன செய்தார்கள்? வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன். பத்து நிமிடத்துக்கு மேல் தாங்கவில்லை. அவரைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவோம் என்று போனை எடுத்தேன்.

அதற்குள் அவரிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்திருந்தது.

"மச்சான், கெடச்சிடுச்சி. யூட்யூப்ல ஒருத்தரு அருமையா சொல்றாரு. தனியா வெச்சிப் பூட்டணுமாம், தனி அட்டை போடணுமாம். இனிமே ஒங்களத் தொந்தரவு பண்ண வேண்டியதில்ல பாருங்க. ஒங்களுக்கும் வீடியோ அனுப்பறேன், இன்டர்வியூல கேட்டா ஒதவும்."

வீடியோவும் வந்தது. முழுவதும் பார்த்தேன். வீடியோக்காரர் சொன்னதெல்லாம் சரியாகத்தான் இருந்தது. குறை கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை.