சிரித்தால் மடங்கும் முட்டி

செலியமேட்டில் எங்கள் வீட்டு முன்னறையில் ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். கல்யாணமான மூன்றாம் வருஷம் எனக்குப் பகல் தூக்கம் வந்து பிடித்துக்கொண்டது. ராத்திரி முழுக்கத் தூங்கி எழுந்தாலும் காலை பத்து மணிக்கே கண் சொருகும். சோற்றுத் தட்டின் முன்னால் தூங்குவேன். பாகூர் பஸ்ஸில் நின்றபடியே தூங்குவேன். அக்கம்பக்கத்தில் முதலில் மசக்கை என்றார்கள், பிறகு சோம்பேறி என்றார்கள். இரண்டாவதை நானே நம்ப ஆரம்பித்துவிட்டேன்.

ஒருநாள் தைத்துக்கொண்டே தூங்கிப்போயிருக்கிறேன். கையும் காலும் மட்டும் நிற்கவில்லை. விழித்துப் பார்த்தால், ரவிக்கையின் கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கைக்கு வெட்டிய துணியைச் சேர்த்துப் பிசிறில்லாமல் தைத்து முடித்திருந்தேன். துணி கொடுத்த அக்கா அதைத் தூக்கிப் பிடித்து, "இன்னாம்மா இது? இதுல நான் தலைய வுடணுமா, கைய வுடணுமா?" என்று கேட்டார்.

என் மாமியார் வயிறு குலுங்கச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு பீறிட்டது. உடனே இரண்டு முட்டியும் மடங்கி, துணி மூட்டைமேல் சரிந்தேன். எல்லாம் காதில் விழுந்தது. ஒரு விரலைக்கூட அசைக்க முடியவில்லை. "ஐயோ, வலிப்பு! சாவி எடுங்க!" என்று அந்த அக்கா கத்தினார். அத்தை இரும்புச் சாவியோடு ஓடிவருவதற்குள் நான் எழுந்து உட்கார்ந்திருந்தேன்.

இது முதல் தடவை இல்லை என்று அன்றைக்குத்தான் என் கணவரிடம் சொன்னேன். மறுநாளே டவுனில் ஒரு நரம்பு டாக்டரிடம் அழைத்துப் போனார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அந்த டாக்டரம்மா, "எப்பவும் சிரிக்கும்போதுதான் விழறீங்களா?" என்றார்.

"ஆமா மேடம். நல்லா சிரிச்சாதான்."

தலையெல்லாம் ஒயர் ஒட்டி ஒரு ராத்திரி தூங்கவைத்தார்கள். மறுநாள் பகலிலும் இரண்டு மணி நேரத்துக்கொரு தடவை படுக்கச் சொன்னார்கள். நான் பாஸான பரீட்சைகளிலேயே சுலபமானது அதுதான்.

"மத்தவங்க லேசான தூக்கம், ஆழ்ந்த தூக்கம்னு போய், ஒரு மணி நேரத்துக்கு மேல கழிச்சுதான் கனவுத் தூக்கத்துக்கு வருவாங்க. நீங்க படுத்த கொஞ்ச நேரத்துலயே அங்க போயிடறீங்க" என்றார் டாக்டரம்மா. "கனவு வரும்போது கை கால் ஆடாம மூளை உடம்பைக் கட்டி வெச்சிருக்கும். உங்களுக்கு முழிச்சிருக்கும்போதே, சிரிச்சா மூளை அந்தக் கட்டைப் போட்டுடுது. இதுக்கு நார்கோலெப்சின்னு பேரு. சோம்பேறித்தனம் இல்லம்மா, நோய்."

அதைக் கேட்டு அழுதுவிட்டேன். அழுகைக்கு முட்டி மடங்கவில்லை.

முழுசாகப் போகாது, மாத்திரையும் பகலில் இரண்டு குட்டித் தூக்கமும் இருந்தால் சமாளிக்கலாம் என்றார். இப்போதைக்கு ஸ்கூட்டி ஓட்டக் கூடாது என்றதில்தான் எனக்கு வருத்தம்.

இப்போது விழுவது அபூர்வம். சிரிப்புக் கதை சொல்வதற்கு முன்னால் என் கணவர், "உக்காந்துக்கோடி" என்பார். அவர் கதைகளில் பாதிக்கு உட்கார வேண்டிய அவசியமே இருப்பதில்லை.

பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் இருபது இருபது நிமிஷம் படுக்கிறேன். அப்போது அத்தைதான் வாசலில் காவல். "பட்டப்பகல்ல தூங்குது, உன் மருமவளுக்கு வந்த வாழ்வப் பாரு" என்று ஒருநாள் துணி கொடுக்க வந்த ஒருத்தி சொன்னது ஜன்னல் வழியாகக் கேட்டது.

"டாக்டர் எழுதிக் குடுத்த தூக்கம்டி. செத்த உக்காரு, எழுந்து வரும்" என்றார் அத்தை.

நான் திரும்பிப் படுத்துக்கொண்டேன். இன்னும் பத்து நிமிஷம் மீதி இருந்தது.